இருபத்துநான்கு பேருக்கு ஒரு மேசை

ஏப்ரல் 2, புதன்

அருணகிரி விருப்ப ஓய்வில் போகிறார். மாதக் கடைசியோடு சரி. பொள்ளாச்சி சாலையில் ஒரு தனியார் கல்லூரிக்கு முதல்வராகிறாராம். துறைக் கூட்டத்தில் அவரே சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

எங்கள் இயற்பியல் துறையில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவருக்கு அடுத்த சீனியர் யாரோ அவர்தான் விருந்துக்குப் பொறுப்பு. ஓட்டல் பார்ப்பது, மேசை பேசுவது, யார் எங்கே உட்காருவது என்பது வரை. அடுத்த சீனியர் நான். இருபத்தேழு வருடமாக நான் அடுத்த சீனியர்தான்.

பழைய நோட்டுகளில் பலமுறை எழுதியாயிற்று. இன்று மறுபடி எழுதத் தோன்றுகிறது. 1998 ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை. நானும் அவரும் ஒரே நாளில் பணியில் சேர வந்தோம். கல்லூரிக்கு எதிரே இருந்த ஓட்டலில் தற்செயலாக ஒரே மேசை. இருவர் கையிலும் ஒரே மாதிரி உத்தரவு. அவர் இட்லியோடு எழுந்துவிட்டார். நான் ரவா தோசை சொல்லியிருந்தேன். அவர் கைகழுவிவிட்டு, கல்லாப் பக்கம் நின்று ஏதோ வாயசைத்துவிட்டுப் போனார். போய் வருகிறேன் என்றிருப்பார். நானும் தலையாட்டி வைத்தேன். தோசைக்கல்லும் கிரைண்டரும் ரேடியோவும் போட்ட கூச்சலில் வேறென்ன செய்வது. தோசை வந்தது, தின்றேன், காப்பி குடித்தேன். பத்தே முக்காலுக்கு அலுவலகம் போனால் எழுத்தர் சொல்கிறார்: "பத்தரைக்கு மேல வந்தா பிற்பகல்னுதானுங்க போடணும்."

அருணகிரி முற்பகல். நான் பிற்பகல். வயதில் நான் நான்கு மாதம் மூத்தவன். ஒரே வேளையில் கையெழுத்திட்டிருந்தால் நான்தான் மேலே. அந்தப் பத்தரைக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு அவர் பெயர் முற்பகல்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கண்டென்சர் மாற்றினேன்.

விருந்து 27ஆம் தேதி, ஞாயிறு மதியம். ஆள் கணக்கு இதுவரை இருபத்துமூன்று. மூன்று பேர் சைவம், ஒருவர் முழங்கால் வலிக்காரர், படியேற மாட்டார். இரவுச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் சுகந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ரசத்தை ஊற்றியபடி கேட்டாள்:

"அந்த மனுசன் போனா நீங்கதான ஹெட்டு? சந்தோசமா ஓட்டல் பாக்கறதுக்கு என்ன?"

"அவன் எந்திரிச்சுப் போன நாற்காலி எனக்கெதுக்கு?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நம்ம வீட்ல மூணு இலைங்க. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, அருணகிரிக்கு ஒண்ணு. அவருக்குத்தான் நெறையாப் பரிமாறியிருக்கீங்க."

ரசத்தில் உப்புக் குறைவு.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரெஹானாவும் நானும் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓர் உணவகம் பார்த்தோம். ரெஹானா துறையின் இளைய உதவிப் பேராசிரியர். கணக்கில் கெட்டி, வாயில் அதைவிட.

உள்ளே நுழைந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. தரை முழுக்கக் கம்பளம், கனத்த திரைச்சீலை, இருபத்தைந்து பேருக்குத் தனி அறை, வட்ட மேசைகள், அதே தளத்தில் கைகழுவும் இடம். ஒலி அளக்கும் செயலியைக் கைபேசியில் திறந்து ஓரமாகப் பிடித்தேன். ஐம்பத்திரண்டு டெசிபல். நூலகம் தோற்றது.

"என்ன சார், ரீல்ஸ் எடுக்கறீங்களா?"

"மணி பார்த்தேன்."

"இதையே பேசி முடிச்சிரலாம் சார். வட்ட மேசைன்னா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசலாம். நீட்டு மேசைல அந்தக் கோடில என்ன சிரிக்கறாங்கன்னு இந்தக் கோடிக்குத் தெரியாது."

கூட்டமாகச் சாப்பிடுவது பற்றி அவள் சொன்னது அவ்வளவும் சரி. அதனால்தான் அந்த இடம் ஆகாது.

"வண்டி நிறுத்த இடம் போதாது" என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதல் பீரியட் வகுப்பு. முதல் பீரியட் எப்போதும் எனக்கே. பத்து வருடமாகக் கால அட்டவணை போடுகிறவர் முற்பகல். எட்டே முக்காலுக்குத் தூங்கி வழியும் முதலாண்டுப் பிள்ளைகளின் முகத்தில் வெப்ப இயக்கவியலை எழுதிக்கொண்டிருப்பது என் தலைவிதி என்று அவர் தீர்மானித்திருக்கிறார்.

கால அட்டவணைக்குப் பதில் சொல்ல எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. கிடைத்து நான்கு மாதமாகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பரில் செய்முறைத் தேர்வின்போது ஆய்வகத்தில் இடப்பக்க மேசையிலிருந்து கண்ணாடிக் குடுவை விழுந்து நொறுங்கியது. அத்தனை பேரும் இடப்பக்கம் திரும்பினோம். முற்பகல் வலப்பக்கம் திரும்பினார். இரண்டு காதும் கேட்கிறவனுக்குத்தான் சத்தம் வந்த திசை தெரியும். பிறகு கவனித்துப் பார்த்தேன். கைபேசி எப்போதும் வலக்காதில். கூட்டங்களில் எப்போதும் இடக்கோடி நாற்காலி, எல்லோரும் தன் வலப்பக்கம் இருக்கும்படி. இடக்காது கேட்காதவரின் குறை அமைதியில் வெளியே தெரியாது. கூச்சலில் வைத்தால் தவித்துப் போவார்.

துறைத் தலைவராக இருந்துகொண்டு மூடி மறைத்திருக்கிறார். கெட்டிக்காரர்.

ஏப்ரல் 10, வியாழன்

விருந்தினர் பட்டியலில் முற்பகலே ஒரு பெயர் சேர்த்தார். புதிய கல்லூரியின் தாளாளர் சென்னியப்பன்.

"அவரே வரணும்னு ஆசைப்பட்டாருங்க சார். நம்ம ஆளுங்களைப் பாக்கணும்ங்கறாரு. உத்தரவுல இன்னும் கையெழுத்துப் போடல, அன்னைக்குப் பாத்துட்டுப் போடுவாரு போல" என்று சிரித்தார்.

"வரட்டும் சார். நல்லபடியா உக்கார வெச்சுரலாம்" என்றேன்.

இரவு தூக்கம் நன்றாக வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவினாசி சாலையில் கிடைத்துவிட்டது.

மூன்று பக்கம் கண்ணாடி, தரை கிரானைட், கூரை தாழ்வு. பட்ட ஒலி திரும்பி வந்து திரும்பிப் போய், போக்கிடம் இல்லாமல் அங்கேயே கிடக்கிறது. சமையலறை திறந்தது, கொத்துபரோட்டாக் கல் வாடிக்கையாளர் கண்முன்னால். இரும்புத் தட்டில் புகைந்து சீறுகிற பண்டங்கள் வரிசையாகப் போகின்றன. யாருக்காவது பிறந்தநாள் என்றால் பரிமாறுகிறவர்கள் ஆறு பேர் பறை மாதிரி ஒன்றை அடித்துக்கொண்டு வந்து பாடுகிறார்கள். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் பிறந்தார்கள். எண்பத்தாறு டெசிபல்.

மேலாளர் என் காதருகே குனிந்து கத்தினார்: "பேமிலி க்ரவுடுங்க சார், சண்டேன்னா இப்பிடித்தான். அமைதியா வேணும்னா மாடில ரூம் இருக்குங்க."

"கீழேயே இருக்கட்டும். நீட்டு மேசை. நடுக்கூடத்துல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடி. "உங்களுக்கு இது எதுக்கு, தனியா?" என்று சுகந்தி அரைக் கரண்டிதான் வைத்தாள்.

ஏப்ரல் 19, சனி

ரெஹானா அவினாசி சாலை இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு என் அறைக்கு நேராக வந்தாள்.

"சார், எங்க அத்தாவைக் கூட்டிட்டுப் போனேன். காது மிஷினைக் கழட்டிச் சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டுத்தான் சாப்பிட்டாரு. அங்க எப்பிடி சார் வாழ்த்திப் பேசறது?"

"படியில்லை. வண்டி நிறுத்த இடம் இருக்கு. சைவம் தனி அடுப்பு. மூணும் வேற எங்க கிடைக்குது?"

"எல்லாம் இருக்கு. பேசத்தான் முடியாது."

"சாப்பிடத்தானே போறோம்."

கதவருகே நின்றாள். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். அவரு போகலைன்னா உங்களுக்குத்தான நஷ்டம்?"

எதை வைத்துக் கேட்டாள் என்று தெரியவில்லை. அவள் சொன்னது உண்மை. தாளாளர் மனம் மாறினால் முற்பகல் ஓய்வுக் கடிதத்தைத் திரும்பப் பெறுவார். முப்பதாம் தேதி வரை நேரம் இருக்கிறது. நாற்காலி எனக்கு வராது. வரவேண்டாம். எனக்கு ஒருநாள் மத்தியானம் போதும்.

ஏப்ரல் 24, வியாழன்

விடைத்தாள் திருத்தம் முடிந்தது. முதுகு வலி.

பெயர் அட்டைகள் எழுதினேன். இருபத்துநான்கு, என் கையெழுத்தில். நீண்ட மேசையின் ஒரு பக்கம் நடுவில் அருணகிரி. அவருடைய இடப்பக்கம் தாளாளர் சென்னியப்பன். செத்த காதுக்குப் பக்கத்தில். எதிர்ப்பக்கம் தாளாளருக்கு நேரே நான். பார்க்க வேண்டுமே.

தாளாளர் ஏதாவது கேட்பார். பதில் வராது. மறுபடி கேட்பார். வேறு எதற்கோ பதில் வரும். இரண்டாயிரம் பிள்ளைகளை இவரை நம்பி விடுவதா என்று யோசிப்பார். நான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. 1998இல் அவர் எனக்குச் சொல்லாமல் செய்ததை நானும் சொல்லாமலே செய்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

சட்டை இஸ்திரி. மேலாளருக்குப் பேசினேன். நாளை அங்கே ஏழு பிறந்தநாளாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். முற்பகல் தன் பெயர் அட்டையைப் பார்த்தார், பக்கத்து அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார். நாற்காலியைச் சற்றே இழுத்து உடம்பைத் தாளாளர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார்.

கொத்துபரோட்டா தொடங்கியது. முதல் பறை வந்தது. பத்தே நிமிடத்தில் எங்கள் மேசை குலைந்துவிட்டது. கோடியில் இருந்தவர்கள் கைபேசியை எடுத்துக்கொண்டார்கள். முழங்கால் வலிக்காரர் ரசம் கேட்டார். அவருக்கு ஐஸ்கிரீம் வந்தது. ரெஹானா என் பக்கம் குனிந்து ஏதோ கத்தினாள், எனக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தேன். எல்லோரும் எல்லோரிடமும் சிரித்து வைத்தோம்.

இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தாளாளர் சென்னியப்பன் குரலை உயர்த்தவே இல்லை. வாயை மட்டும் அசைத்தார், நிதானமாக, உதட்டை விரித்து. முற்பகல் அந்த வாயைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார், அதேபோல, சத்தமில்லாமல். எண்பத்தாறு டெசிபலுக்கு நடுவில் இரண்டு மனிதர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பது போல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை மேசைக் கோடியிலிருந்து ஆய்வக உதவியாளர் ஏதோ கேட்க, யாருக்கும் விளங்காதபோது, முற்பகல் இங்கிருந்தே விரலை உயர்த்திப் பதில் சொன்னார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு முழங்கால் வலிக்காரருக்கு ரசமும் சொன்னார்.

பறைக்கு இடையில் சற்று ஓய்ந்தபோது தாளாளர் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இதென்னங்க சத்தம். நான் சோமனூர்ல தறிக் கொட்டகைல பொறந்தவனுங்க. நாப்பது தறி ஓடும். எங்கம்மா சோறு திங்க வாடான்னு கூப்புட்டதே வாயசைப்புலதான். அங்க பேசிப் பழகுனவனுக்கு உங்க புரொபசர் மாதிரி ஆளு கிடைக்கறது கஷ்டம்."

தறிக் கொட்டகை என் கணக்கில் இல்லை.

பிறகு ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. தாளாளர் மேசைக்கு மேல் என் பக்கம் குனிந்தார். வாயசைத்தார். சற்று நீளமாகவே. அவர் கையில் பிரியாணித் தட்டு இருந்தது. சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். நான் தலையாட்டினேன். அவர் இன்னும் ஒன்று சேர்த்துக் கேட்டார். இன்னொரு முறை ஆட்டினேன், சிரித்துக்கொண்டு. அவர் கையைத் துடைத்துவிட்டு எழுந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிரியாணிக்கு இது அதிகம் என்று அப்போதே பட்டது.

கைகழுவும் இடம் ஒரு நடைவழிக்கு அப்பால், கதவு சாத்தினால் சத்தம் வராது. நான் கழுவிக்கொண்டிருந்தபோது அருணகிரி வந்தார். என் வலப்பக்கக் குழாய் காலியாக இருந்தது. அதை விட்டுவிட்டு இடப்பக்கம் வந்து நின்றார்.

"தாளாளர் கேட்டது தெரிஞ்சுதுங்களா சார்?"

"சாப்பாட்டைப் பத்திக் கேட்டார்."

"இல்லீங்க. இவருக்கு ஒரு காது சுத்தமாக் கேக்காதுன்னு இன்டர்வியூலயே சொல்லிட்டாருங்க, இருபத்தேழு வருசம் கூட இருந்தவரு நீங்க, இவரை நம்பிக் காலேஜைக் குடுக்கலாமுங்களான்னு கேட்டாரு. ஆட்டுனீங்க. மனசாரச் சொல்றீங்களான்னாரு. மறுபடி ஆட்டுனீங்க."

குழாயை மூடினேன். மூடியும் சொட்டிக்கொண்டிருந்தது.

"எட்டு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துதுங்க. அப்பப் போன காது. அன்னையிலிருந்து வாயைப் பாத்தே பொழப்பு. மீட்டிங்ல கடைசி வரிசைல உக்காந்து நீங்க சொல்றது முச்சூடும் எனக்குத் தெரியும் சார். முற்பகல்னு வெச்ச பேரு வரைக்கும்."

"தெரிஞ்சுதான் இருந்தீங்களா?"

"பேரு தெரியும். காரணம் தெரியல. பழைய எழுத்தர் ரிட்டயர் ஆனப்ப அவரு சொல்லித்தான் தெரிஞ்சுது." கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். "அன்னைக்கு நான் சொல்லிட்டுத்தான போனேன்? கல்லாகிட்ட நின்னு. பத்தரைக்குள்ள வந்துருங்க, இல்லைனா பிற்பகல்னு எழுதிருவாங்கன்னு. நீங்க தலையாட்டுனீங்க. இப்ப ஆட்டுன மாதிரியே."

"எழுத்தர் சொன்ன அப்பறமாவது ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? அதுவுமில்லாம எனக்கும் கோவம் இருக்காதுங்களா. ரெண்டு பேரும் வாய விட்டுப் பேச வேண்டியதை ஊரு பூரா முணுமுணுத்துட்டுத் திரிஞ்சீங்க. அதனாலதான் பத்து வருசமா உங்களுக்கு முதல் பீரியட்." கதவைத் திறந்தார். பறைச் சத்தம் உள்ளே விழுந்தது. "முற்பகல்ல."

ஏப்ரல் 28, திங்கள்

சுகந்தி விருந்து எப்படி என்று கேட்டாள். சத்தம் அதிகம் என்றேன்.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஓட்டலில் ஏதாவது சொன்னார் என்பதற்குச் சாட்சி இல்லை. நான் தலையாட்டினேன் என்பதற்கு மட்டும் சாட்சி இருக்கிறது. இந்த நோட்டில் இரண்டாம் தேதிப் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். பரணில் இருந்த பழைய நோட்டுகளை இறக்கித் தேடினேன். 1998இலும் எழுதியிருக்கிறேன். 2006இலும். எல்லாவற்றிலும் தலையாட்டியிருக்கிறேன்.

தாளாளரின் எண் என்னிடம் இருக்கிறது. எடுத்தேன். நேற்று தலையாட்டியது உங்கள் கேள்விக்கு அல்ல என்று சொன்னால் போதும், இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. ஆனால் முதலில் நீங்கள் கேட்டது என் காதில் விழவில்லை என்று சொல்ல வேண்டும். கேட்காமலே தலையாட்டினீர்களா என்று அவர் கேட்பார்.

கைபேசியை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

பொறுப்பு ஒப்படைப்பு. துறைத் தலைவர் அறையில் அவர் கையெழுத்து, கீழே என் கையெழுத்து. எழுத்தர் நேரம் கேட்டார். "முற்பகல்னே போடுங்க, ரெண்டு பேருக்கும்" என்றார் அருணகிரி. எழுத்தருக்குப் புரியவில்லை. போட்டார்.

சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டு அவர் வாசலுக்குப் போனபோது மணி அடித்தது. நடைவழி முழுவதும் பிள்ளைகள், தேர்வு முடிந்த கடைசி நாள் கூச்சல். அவர் திரும்பி நின்று ஏதோ சொன்னார். என் தலை அசையத் தொடங்கிவிட்டது. கழுத்தை நிறுத்தினேன்.

"கேக்கலை. திருப்பிச் சொல்லுங்க."

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மூன்று எட்டு உள்ளே வந்தார். "நடு டிராயர் சிக்கும். சும்மா இழுத்தா வராது, கொஞ்சம் தூக்கி இழுக்கணும்" என்றார். போய்விட்டார்.

மத்தியானம் தூக்கி இழுத்தேன். திறந்தது. உள்ளே அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணை, அவர் கையெழுத்தில், கட்டம் கட்டமாக. திங்கள் முதல் வெள்ளி வரை முதல் பீரியட் ஐந்தும் குழந்தைவேல், குழந்தைவேல் என்று என் பெயர்.

பென்சிலில்தான் போட்டிருக்கிறார். ஜூன் வரை நேரம் இருக்கிறது.